மண்ணுள் பிறந்த ஊர்

கொடுத்துச் சிவந்த கை ஒன்று சாய்ந்தபின், அக்கையை நம்பி வாழ்ந்தோர் செய்வதறியாது நின்று அரற்றுவது கையறுநிலை. அதற்கொரு வள்ளல் வேண்டும். அவன் முற்றத்தில் நேற்று ஒலித்த முழவு வேண்டும். இன்று அங்கே முளைத்த நெருஞ்சி வேண்டும். நான் பாடப் புகுந்த ஊருக்கு வள்ளல் இல்லை. கொடுப்பேன் என்றவன் கொடுக்கவில்லை. பெறுவோம் என்று வந்தவர் பெறவில்லை. வெறுங்கையர் சிலர் வெறுவெளியில் நின்றனர். நின்ற இடத்தைத் தோண்டினர். தோண்டிய குழியே ஊராயிற்று. ஈந்தவன் மறைவுக்கு இரங்குவது பாணர் மரபு. ஈவாரின்றி ஊர் செய்தவர்க்கு இரங்குவாரும் வேண்டுமன்றோ?

அமெரிக்கப் பெருநிலத்தின் நடுவே, கேன்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே, கிரஹாம் மாவட்டத்துப் புல்வெளியில் உள்ளது அவ்வூர். நிக்கோடிமஸ் என்பது பெயர். 24-ஆம் எண் நெடுஞ்சாலையில் விரைவோர் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் முடிந்துவிடும். அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அது நகரமாகப் பதிவு பெற்றதன்று. மேயர் இல்லை, நகர மன்றம் இல்லை. இத்தகைய பதிவுபெறாச் சிற்றூர்கள் அங்கே எண்ணற்றன; மாவட்ட ஆட்சியே அவற்றுக்குத் தாயும் செவிலியும். ஆயினும் இச்சிற்றூருக்கு ஒரு தனிமை உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்ததை அடுத்த ஆண்டுகளில், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மக்கள் தமக்கெனக் கண்ட ஊர்களுள் இன்றும் எஞ்சி நிற்பது இஃதொன்றே.

அதன் வேர் பல நூறு கல் கிழக்கே, கென்டக்கி மாநிலத்தில் இருந்தது. மரம் செறிந்த நாடு. நீர்வளம் மிக்க நாடு. குதிரைக்கும் புகையிலைக்கும் சணலுக்கும் பேர் பெற்ற நாடு. அவ்வளம் அனைத்தும் யார் முதுகில் விளைந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆபிரகாம் லிங்கன் 1863-இல் விடுத்த விடுதலை அறிவிப்பு கென்டக்கிக்குச் செல்லாது. அம்மாநிலம் நடுவண் அரசோடு நின்றது என்பதால் அங்குள்ள அடிமைகள் அடிமைகளாகவே விடப்பட்டனர். 1865 டிசம்பரில் அரசமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நடைமுறைக்கு வந்த பின்னரே அவர்கள் தளை நீங்கியது. நீங்கியும் என்ன? நிலம் பழைய ஆண்டைகளிடம். நீதிமன்றம் அவர்தம் உறவினரிடம். இரவோ முகமூடியணிந்து குதிரையேறி வருவோரிடம். ஸ்காட் மாவட்டத்து ஜார்ஜ்டவுனிலிருந்தும் லெக்சிங்டனிலிருந்தும் புறப்பட்டோர் பலர். அவர்களுள் சிலர், மார்ட்டின் வான் பியூரனின் ஆட்சியில் துணைக் குடியரசுத் தலைவராய் இருந்த ரிச்சர்ட் எம். ஜான்சனின் பண்ணையில் அடிமைகளாய்க் கிடந்தோரின் வழியினர். நாட்டின் இரண்டாம் அரியணைக்கு அருகே பிறந்தும் அரையடி நிலமின்றி வாழ்ந்த குடி அது.

1877-ஆம் ஆண்டு தென்மாநிலங்களில் எஞ்சியிருந்த நடுவண் படையின் காவல் விலக்கப்பட்டது. அவ்வாண்டே கென்டக்கியின் கோயில்களில் ஒரு துண்டறிக்கை கைமாறியது. கேன்சஸில் கறுப்பின மக்களுக்கென ஒரு நகர் எழுகிறது. மண் கறுத்துச் செழித்தது. வேட்டைக்கு விலங்கு உண்டு. பிடித்துப் பழக்கக் காட்டுக்குதிரை உண்டு. ஐந்து டாலருக்கு மனை உண்டு. குடியேற்றச் சட்டத்தின்படி ஐந்தாண்டு உழுது வாழ்ந்தால் 160 ஏக்கர் உரிமையும் உண்டு. உழைத்தும் உடையவராகாத மக்களின் செவியில் இச்சொற்கள் எவ்வாறு இறங்கியிருக்கும்! தாகித்தவனுக்கு நீர் எங்கே என்று சொல்பவன் பொய்யனா மெய்யனா என்று ஆராயும் பொழுது இல்லை.

அழைத்தவர் யார்? டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையர். ஊர் நிறுவி மனை விற்பதைத் தொழிலாகக் கொண்டவர். அவரோடு டபிள்யூ. எச். ஸ்மித், சைமன் ரவுண்ட்ட்ரீ முதலிய கறுப்பினத்தார் அறுவர். இவ்வெழுவரும் 1877 ஏப்ரலில் கூட்டிய நகர்க் குழுவுக்கு ஸ்மித் தலைவர், ரவுண்ட்ட்ரீ செயலர், ஹில் பொருளாளர். ஹில்லை மட்டும் வைது முடித்தால் வழக்கு எளிதாகும். ஆனால் உண்மை அத்துணை எளிதன்று. ரவுண்ட்ட்ரீ சமயப் பணியாளர். ஸ்மித்தும் அவரும் பிறரை அனுப்பிவிட்டுத் தாம் பின்தங்கியவரல்லர், அப்புல்வெளியிலேயே குடியேறியவர். தாம் நம்பியதையே பிறர்க்கும் சொன்னார்கள் என்றே நான் கொள்கிறேன். ஹில் நம்பியது எது என்பதை அவர்தம் பணப்பையே அறியும்.

ஊருக்குப் பெயர் வந்த வழியில் இரு கூற்று உண்டு. அடிமைக் கப்பலில் வந்து, தன் மக்களின் விடிவை முன்னறிந்து சொன்ன ஒரு முதியவனைப் பற்றி அந்நாளில் பாடப்பட்ட பாட்டொன்றின் தலைவன் பெயர் அது என்பர் சிலர். விவிலியத்தில் வரும் நிக்கொதேமு என்பர் வேறு சிலர். இரவில் இயேசுவிடம் வந்து, முதிர்ந்த பின் ஒருவன் மீண்டும் தாய் வயிற்றில் புகுந்து பிறப்பது கூடுமோ என்று வினவியவன் அவன். முந்தைய கூற்றே வரலாற்றுக்கு நெருங்கியது என அறிஞர் பலர் கருதுவர். ஆனால் அவ்வூரில் நிகழ்ந்ததை எண்ணுந்தோறும் எனக்கு இரண்டாமவனின் வினாவே முன்வந்து நிற்கிறது. அவன் கேட்டதற்கு, எவரும் எதிர்பாராத விடையொன்றைக் கேன்சஸ் மண் வைத்திருந்தது.

1877 செப்டம்பரில் ஏறக்குறைய 300 பேர் லெக்சிங்டனிலிருந்து தொடர்வண்டியேறினர். எல்லிஸ் என்னும் நிலையத்தோடு அவர்க்குரிய வழி முடிந்தது. எஞ்சிய 35 கல்லும் நடை. பாத்திரமும் படுக்கையும் குழந்தையும் சுமந்து, பாதையென்று ஒன்றில்லாப் புல்லில் இரு நாள் நடந்தார்கள். நிறைசூலியாக நடந்தவள் எம்மா வில்லியம்ஸ். அவர்கள் வந்தடைந்த இடத்தில் வீடு இல்லை, கடை இல்லை, கோயில் இல்லை, கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரமும் இல்லை. துண்டறிக்கையில் கண்ட நகர் தாளில் மட்டுமே இருந்தது. ஏமாந்தோர் சினந்தனர். ஹில்லைத் தூக்கிலிட வேண்டுமென்று கொதித்தவர் உண்டென்றும், அவர் ஒளிந்து உயிர் தப்பினாரென்றும் செவிவழிச் செய்தி உண்டு. கைப்பொருள் இருந்தவருள் பலர் வந்த வழியே திரும்பினர். திரும்பும் செலவுக்கும் வழியற்றவரே பெரும்பாலும் நின்றனர் என்று சொல்வது எளிது. முழுமையும் அவ்வாறன்று. திரும்பிப் போவது எங்கே என்று எண்ணி நின்றவரும் இருந்தனர்.

குளிர் வந்துகொண்டிருந்தது. மரமில்லா நாட்டில் வீடு எதனால் கட்டுவது? மேட்டின் சரிவில், ஓடைக்கரையின் ஓரத்தில், மண்ணைக் குடைந்தனர். ஒரு குடும்பம் படுத்தெழும் அளவுக்குக் குழி. மேலே ஆற்றங்கரையில் வெட்டிய கொம்புகள். கொம்பின் மேல் சருகு. சருகின் மேல் வேரோடு பெயர்த்தெடுத்த புற்கட்டிகள். பின்சுவரில் மண்ணையே குடைந்து அடுப்பு. அதன்மேல் புகை போக ஒரு துளை. எரிக்க விறகில்லை, சூரியகாந்தித் தண்டும், காட்டெருமை விட்டுப்போன காய்ந்த சாணமும் எரித்தனர். இத்தகைய குழிவீடுகளில் வாழ்ந்தோர் சொல்வதெல்லாம் ஒரே வகைப்பட்டது: மழை வெளியே ஒரு நாள் பெய்தால் உள்ளே மூன்று நாள் சொட்டும்; கூரையிலிருந்து மண் உதிர்ந்து கஞ்சியில் விழும்; சிலபோது மண்ணோடு பாம்பும் விழும். மேலே நடப்பவனுக்குக் காலடியில் ஒரு குடும்பம் உறங்குகிறது என்பது தெரியாது.

இறந்தாரை மண்ணுள் இறக்கி வைத்த தாழிகளை நம் பழம்பாட்டுகள் அறியும். மன்னன் மாய்ந்தபோது, அவன் புகழ் கொள்ளும் தாழி வனையக் குயவனால் இயலுமோ என்று கேட்ட புலவரும் உண்டு. ஆனால் உயிரோடிருப்பவர், குழந்தை குட்டிகளோடு தாமே இறங்கி, தாமே தம்மேல் மண்ணை மூடிக்கொண்டு, ‘இங்கிருந்து வாழ்வோம்’ என்று தொடங்கிய ஊர் ஒன்றை அவை அறியா. அக்குழிகளுள் ஒன்றில், அவ்வாண்டு முடிவதற்குள், எம்மா வில்லியம்ஸ் மகப்பெற்றாள். ஹென்றி என்று பெயரிட்டனர். அப்புதிய ஊரில் பிறந்த முதற்குழந்தை அவன். மண்ணின் வயிற்றில் ஒரு பிறப்பு. தாயின் வயிற்றிலிருந்து ஒரு பிறப்பு. இரண்டும் ஓரிடத்தே, ஓரிருளில்.

அடுத்த வேனிலின் தொடக்கத்தில், 1878-இல், டேனியல் ஹிக்மன் என்னும் சமயப் பணியாளர் ஜார்ஜ்டவுனிலிருந்து தம் சபையாரை அழைத்து வந்தார். எல்லிஸில் இறங்கியதும் மணல்வாரி அம்மை தொற்றியது. குழந்தைகள் சிலர் அங்கேயே இறந்தனர். ஊர் போய்ச் சேருமுன்பே இடுகாடு முளைத்துவிட்டது. எஞ்சியோர் வண்டிகளில் புறப்பட்டனர். ஹிக்மனின் மனைவி வில்லியானா தம் முதுமையில், 1937-ஆம் ஆண்டு, நாளேடு ஒன்றுக்கு அந்நாளை நினைவுகூர்ந்தார். ஆடவர் நிக்கோடிமஸ் தெரிகிறது என்று கூவினர், நோயால் நலிந்திருந்த அப்பெண் எழுந்து எங்கும் நோக்கினார், ஊரைக் காணவில்லை. எங்கே என்று கேட்டார். தரையிலிருந்து ஆங்காங்கே எழுந்த புகையைச் சுட்டிக் கணவர், அதுவே ஊர் என்றார். மக்கள் மண்ணுக்குள் வாழ்ந்ததைக் கண்டதும் தாம் அழத் தொடங்கியதாக அந்த அம்மையார் சொல்லி வைத்திருக்கிறார். கென்டக்கியின் காடுகளிடையே வளர்ந்த கண்கள் அவை. அறுபதாண்டு கழிந்தும் அழுததை மறைக்கவில்லை. அழுதும் அங்கேயே தங்கி இல்லறம் நடத்தியதைப் பெருமையாகவும் பேசவில்லை.

வள்ளல் இல்லா ஊர் என்றேன். அதற்கொரு விலக்கு உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். முதற்குளிர்காலம் ஊரை முற்றுகையிட்டது. விதைக்குமுன் வந்தவர் அல்லர், விளைந்தது ஒன்றுமில்லை, கையிலிருந்தது தீர்ந்தது. அந்நாளில் மேற்கே வேட்டையாடித் திரும்பிய ஓசேஜ் குடியினர் அவ்வழி வந்தனர் என்றும், தாம் கொணர்ந்த இறைச்சியில் ஒரு பங்கை அக்குழிவாழ்நர்க்கு ஈந்து சென்றனர் என்றும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஓசேஜ் யார்? சில ஆண்டுகளுக்கு முன்வரை கேன்சஸைத் தம் நாடாகக் கொண்டிருந்து, 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டவர்கள். குடியேற்றச் சட்டம் வெற்றுநிலம் என்று எழுதிய நிலமெல்லாம் வெறுமையாக்கப்பட்ட நிலம். பறிகொடுத்தவன் கையிலிருந்து ஏமாற்றப்பட்டவன் கைக்கு அவ்வுணவு போயிற்று. ஈந்தவரின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பாரிக்குக் கபிலர் வாய்த்தார். இவர்களுக்கு யார் வாய்த்தார்?

இளவேனில் வந்தபோது உழவேண்டும். உழ ஏர் இல்லை. ஏரிழுக்கக் குதிரையோ எருதோ ஊருக்கு ஒன்றிரண்டே. ஆயிரமாண்டு பின்னிய புல்வேரை மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் கிழித்தனர். ஆடவர் தொலைவில் இருப்புப்பாதை வேலைக்கும் பிறர் பண்ணைக்கும் கூலிக்குப் போக, நிலத்தை வெட்டித் திருப்பியவர் பெரும்பாலும் பெண்டிர். புல்வெளியெங்கும் காட்டெருமையின் எலும்பு வெளுத்துக் கிடந்தது. தோலுக்காகவும் ஓசேஜ் போன்ற குடிகளின் உணவை ஒழிப்பதற்காகவும் சுட்டு வீழ்த்தப்பட்ட கோடிக்கணக்கான விலங்கின் எச்சம் அது. உரத்துக்கு அரைக்க ஆலைகள் அதை விலைக்கு வாங்கின. அதைப் பொறுக்கி வண்டியேற்றி விற்று மாவு வாங்கினர். பிறர் செய்த கொலையின் எச்சத்தைப் பொறுக்கித்தான் அவ்வூரின் முதல் வருவாய் வந்தது. அயலூர்களிலிருந்து வந்த அறக்கொடையும் சிறிது காலம் தாங்கியது; 1879-இல் நகர்க் குழு கலைந்தது.

நிலத்தின் இயல்பையும் சொல்ல வேண்டும். நிக்கோடிமஸ் 100-ஆம் மேற்குத் தீர்க்கரேகைக்குச் சற்றே கிழக்கே உள்ளது. அக்கோட்டையொட்டி மழை ஆண்டுக்கு இருபது அங்குலமாகக் குறைகிறது. அதற்கு மேற்கே மழையை நம்பி உழவு செய்தல் ஆகாது என்று ஜான் வெஸ்லி பவல் தம் அறிக்கையில் எழுதினார். அவ்வறிக்கை வெளிவந்தது 1878-இல். அதாவது வில்லியானா ஹிக்மன் வண்டியிலிருந்து எழுந்து ஊரைத் தேடிய அதே ஆண்டு. அரசின் அறிவியலார் எச்சரித்த கோட்டுக்கு அரசின் சட்டம் மக்களை அனுப்பிக்கொண்டிருந்தது. மழை வந்த ஆண்டு முல்லை, பொய்த்த ஆண்டு பாலை. இரண்டுக்கும் நடுவே கோதுமை. இந்த நிலத்துக்குத் தொல்காப்பியனிடம் திணையில்லை.

ஆயினும் ஊர் எழுந்தது. குழிக்குள்ளேயே ஜெனி பிளெட்சர் என்னும் பெண்மணி பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அவர் கணவர் சக்கரி பிளெட்சர் அஞ்சலகத்தைத் தொடங்கினார்; பின் விடுதியும் நடத்தினார். எழுத்தறிவு அடிமைக்கு விலக்கப்பட்டிருந்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். ஒருவர் பின் ஒருவராய் மண்ணிலிருந்து வெளியேறினர்: முதலில் புற்கட்டி வீடு, பின் சுண்ணாம்புக்கல் வீடு, பின் மரச்சட்ட வீடு. 1880-களின் நடுவில் அங்கே கடைகளும் கோயில்களும் பள்ளியும் வங்கியும் இலக்கியக் கழகமும் இசைக்குழுவும் இருந்தன. ‘வெஸ்டர்ன் சைக்ளோன்’, ‘நிக்கோடிமஸ் எண்டர்பிரைஸ்’ என்று இரு செய்தித்தாள்கள் வேறு. தம்மையே எழுத வல்லார் அங்கு மிகுந்துவிட்டனர். சில நூறு பேருக்கு இரு செய்தித்தாள் தேவையா என்று நகைக்கலாம். ஏமாற்றும் துண்டறிக்கையால் பிறந்த ஊர், தனக்கென அச்சுப்பொறி வைத்துக்கொண்டது நகைப்புக்குரியதன்று.

எட்வர்ட் மெக்கேப் என்பார் 1878-இல் வந்தார். கிரஹாம் மாவட்டம் 1880-இல் அமைந்தபோது அதன் எழுத்தராக அமர்த்தப்பெற்றார். 1882-இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மாநிலம் தழுவிய பதவிக்கு அங்கே தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் கறுப்பினத்தார் அவரே. பின்னர் ஓக்லஹோமாவுக்குச் சென்று லாங்ஸ்டன் என்னும் இன்னொரு கறுப்பினத்தார் ஊருக்கு வித்திட்டார். 1920-இல் சிகாகோவில் வறியராய் இறந்தார். அவரை நிக்கோடிமஸ் பெற்றதெனச் சொல்வர் சிலர். அந்தப் புல்வெளி அவருக்கு ஏணியாயிற்று என்று சொன்னால் போதும். ஏறியவர் ஏணியை நினைத்தாரா என்பதை நான் இங்கே ஆராயவில்லை.

இனி இருப்புப்பாதை. பஞ்சமும் பனியும் பொய்ம்மழையும் கொல்லாத ஊரை, வராத ஒன்று கொன்றது. 1887-ஆம் ஆண்டு ஊரார் கூடி, மிசூரி பசிபிக் நிறுவனத்தின் பாதை தம் வழியே வரவேண்டி 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தனர். பத்தாண்டுக்குமுன் குழிக்குள் இறங்கியவர்கள் பதினாறாயிரத்துக்குக் கையெழுத்திட முன்வந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாள்கள் ஒவ்வொரு வாரமும் நம்பிக்கையை அச்சிட்டன, மனைவிலை ஏறியது, புதிய கடைகள் திறந்தன. அளப்பவர் வந்தனர்; சென்றனர். மிசூரி பசிபிக் வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் வந்தது. ஆனால் ஆற்றின் தென்புறத்தே, சில கல் தள்ளி. பணியாளர் கூடாரமிட்ட இடத்தில் போக் என்னும் ஊர் முளைத்தது.

இருப்புப்பாதைக்கு அடுத்து இல்லாத கடையில் சரக்கு இறங்காது. சரக்கிறங்காத ஊரில் கோதுமைக்கு விலையில்லை. வணிகர் ஒவ்வொருவராய் ஆற்றைக் கடந்தனர். வெள்ளையர் முதலில், பின்னர் கறுப்பினத்தாரும். செய்தித்தாள் பதிப்போர், போகாதீர் என்று எழுதினர், எழுதியவரும் போயினர். கால் கோணிய ஒரு கோடு வரைபடத்தில் வடக்கே நெளிந்திருந்தால் நிலைமை வேறு. நெளியவில்லை. நிறத்தால் ஒதுக்கினரா, செலவு கருதி ஒதுக்கினரா என்று வரலாற்றார் வழக்காடுவர். ஒதுக்கப்பட்டவனுக்கு அவ்வழக்கின் தீர்ப்பு எவ்வாறாயினும் மாலையில் வண்டியோசை கேட்பது ஆற்றுக்கு அப்பால்தான்.

இருப்புப்பாதையே! உன்னை வைது பயனில்லை; நீ இரும்பு. எனினும் கேள். மேடிருந்தால் சுற்றுவாய், பள்ளமிருந்தால் பாலமிடுவாய். காசிருந்தால் காடும் கடப்பாய். பதினாறாயிரம் வெள்ளிக்குத் தம் பிள்ளைகளின் உழைப்பை ஈடு வைக்க முன்வந்த மக்கள் ஒரு புறம் நின்றனர். அவர்கள் கேட்டது பொன்னன்று. நீ மூச்சு வாங்க நிற்கும் சிறு பொழுது. உன் நிலையத்தால் வாழ்ந்த போக்கும் இன்று இருநூறு பேரை எட்டாத சிற்றூர். யாருக்காக அங்கே போனாய்?

உழவர் மட்டும் தங்கினர். ஊர் சுருங்கிக் குடியானது. குடி சுருங்கிக் குடும்பங்களானது. 1930-களில் மழையற்று, மேல்மண் காற்றிலேறி வானை இருட்டியது; பெருமந்தத்தில் தானியம் விலை போகவில்லை. மீண்டும் பலர் புறப்பட்டனர்: டென்வருக்கும் டொப்பீக்காவுக்கும் கலிபோர்னியாவுக்கும். 1939-இல் அரசின் வேலைத்திட்டத்தால் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பொதுமன்றம் எழுந்தது. அரிதாய் வந்த அரசுக் கொடை. 1953-இல் அஞ்சலகம் மூடியது. பள்ளியும் மூடியது. அஞ்சலகம் போன ஊருக்குக் கடிதம் அயலூர் பெயரில் வரும். தன் பெயரை உறையில் எழுதும் உரிமையும் போயிற்று.

அந்நிலையிலும் அங்கிருந்து மைந்தர் எழுந்தனர். வெரில் ஸ்விட்சர் அங்கே 1932-இல் பிறந்தவர். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெருமையாகி, 1954-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் முதற்சுற்றுத் தேர்வாக எடுக்கப்பெற்றார். ஊர் மட்டும் மேலும் மெலிந்தது.

ஹில் என்னவானார் என்று கேட்கலாம். மேற்கே ஒரு பொழுது நடைத் தொலைவில் இன்னொரு நகரை நிறுவினார். அதற்குத் தம் பெயரையே சூட்டினார். ஹில் சிட்டி மாவட்டத் தலைநகர் ஆயிற்று. நீதிமன்றம் அங்கே, பத்திரப்பதிவு அங்கே, நிக்கோடிமஸ் நிலத்தின் ஒவ்வோர் உரிமைத் தாளும் அப்பெயர் கொண்ட ஊரில் பேணப்படுகிறது. ஏய்த்தோர் எல்லாம் கெடுவர் என்று நம் முதுமொழிகள் சொல்லும். கிரஹாம் மாவட்டத்து வரைபடத்தை அம்முதுமொழிகள் கண்டதில்லை.

1976-ஆம் ஆண்டு நடுவண் அரசு நிக்கோடிமஸை நாட்டின் வரலாற்று அடையாளமாக அறிவித்தது. அவ்வாண்டே கென்டக்கியின் சட்டமன்றம், அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்துக்குத் தன் இசைவை அளித்தது. நூறாண்டுக்கும் மேலாக மறுத்து வந்த இசைவு. யார் ஓடி வந்தார்களோ அவர்களின் ஊர் போற்றப்பெற்றதும், எங்கிருந்து ஓடி வந்தார்களோ அந்நாடு தன் தவற்றை ஏட்டளவில் ஒப்புக்கொண்டதும் ஒரே ஆண்டில். இரண்டுக்கும் ஒன்றோடொன்று பேச்சில்லை. 1996-இல் தேசியப் பூங்காத் துறை அவ்வூரைத் தன் காப்பில் எடுத்தது: பாப்திஸ்து கோயில், ஆப்பிரிக்க மெதடிஸ்து கோயில், பழைய விடுதி, பள்ளி, பொதுமன்றம் என ஐந்து கட்டடங்கள். அவற்றைக் காக்க வேண்டும் என்று தொடர்ந்து போராடியவர்களுள் அங்கிருந்து போனோரின் வழிவந்த ஏஞ்சலா பேட்ஸ் முதன்மையானவர். கல்லைக் காக்கச் சட்டம் உண்டு. குழிவீடு எதையும் காக்க இயலாது. அவை எழுந்த மண்ணிலேயே தூர்ந்துவிட்டன. அவ்வூரின் முதல் தெரு இன்று உழவடையின் கீழ் எங்கோ கிடக்கிறது.

ஆண்டுக்கொருமுறை மட்டும் நிலைமை மாறுகிறது. பிரித்தானியர் தம் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை விடுவித்த 1834 ஆகஸ்டு முதல் நாளைக் கொண்டாடுவது முதற்குடியேறியோர் கொணர்ந்த வழக்கம். தம் நாட்டு அரசு தமக்களித்த நாளை அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்விழா இன்று ஜூலைக் கடைசி வார இறுதியில் ‘வீடுதிரும்பல்’ ஆகி நடக்கிறது. கோதுமை அறுவடை முடிந்த பருவம். ஸ்விட்சர், பேட்ஸ், அலெக்சாண்டர், வில்லியம்ஸ், வான் டுவால் என்ற பெயர்களைத் தாங்கிய குடும்பங்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து கார்களில் வந்திறங்குகின்றன. ஊர்வலம் போகிறது. பாட்டன் பிறந்த மேடு இது, பாட்டி நீர் மொண்ட ஓடை அது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். இளையோர் ஆடுகின்றனர். முதியோர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, இன்ன குடும்பம் இன்னார்க்கு என்ன உறவு என்று வழக்கிடுகின்றனர். பொதுமன்றத்தில் இடம் போதாது.

2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு நிக்கோடிமஸில் வாழ்வோர் 14 பேர் என்கிறது. கணக்கு ஏப்ரல் முதல் நாளை வைத்து எடுக்கப்படுவது. ஜூலைக் கடைசி ஞாயிறை வைத்து ஓராண்டு எடுத்துப் பார்க்கட்டும். கணக்கர் கூடுதலாகத் தாள் கொண்டுவர நேரிடும்.